பிரேசில் ஜாஸ், சோல் ஜாஸ்: இத்தனை மறுவெளியீட்டில் எதை வாங்குவது?

ஊசிமுனை:
பிரேசில் ஜாஸ் ஆல்பமான கெட்ஸ்/ஜில்பெர்டோவைத் தேயத் தேயக் கேட்டாயிற்று. இனி பிரேசில் பக்கம் கொஞ்சம் உள்ளே போகலாம், கூடவே ஆர்கன் வைத்த சோல் ஜாஸும் (ப்ளூஸ், கோஸ்பல் சாயல் கொண்ட ஜாஸ்) வேண்டும் என்று தேடினால் தலை சுற்றுகிறது. ஒரே ஆல்பத்துக்கு ஆறேழு மறுவெளியீடு, எல்லாவற்றிலும் '180 கிராம்' (தட்டின் எடை), 'ரீமாஸ்டர்' (ஒலியைப் புதிதாகச் செப்பனிட்டது) என்று ஸ்டிக்கர். போன மாதம் ஆசையாக வாங்கிய ஜாஸ் சாம்பா வினைல் தட்டு, போனில் கேட்பதைவிட மந்தமாக இருக்கிறது. ப்ளேயரில்தான் கோளாறோ என்று ஊசியைக்கூட மாற்றிப் பார்த்துவிட்டேன். எதைப் பார்த்து வாங்குவீர்கள்? புதிதாக வந்ததில் நல்லது இருந்தாலும் சொல்லுங்கள், சோல், பாப் எதுவானாலும் சரி.

பழையதட்டு:
ஊசி பாவம், விடுங்கள். ஜாஸ் சாம்பா 1962இல் வந்தது, சிக்கல் அங்கேதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவு உரிமை முன்பு 50 ஆண்டு. 2011இல் அதை 70 ஆக்க முடிவு செய்தார்கள், ஆனால் ஏற்கெனவே காலாவதியானவற்றுக்கு உயிர் கொடுக்கவில்லை. அதனால் 1962 வரை வெளிவந்ததை அங்கே யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், மாஸ்டர் டேப்பை (ஸ்டுடியோவின் மூல ஒலிநாடா) கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சிடியிலிருந்து எடுத்துத் தட்டு வெட்டினாலும் 180 கிராம் 180 கிராம்தான். எடை எடைக்குத்தான், ஒலிக்கு இல்லை.

பின்னட்டையில் யார் மாஸ்டரிங் (அச்சுக்கு முன் ஒலியைச் சரிசெய்வது), எந்த டேப் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். வாயே திறக்கவில்லை என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ப்ளூ நோட் என்ற ஜாஸ் நிறுவனத்தின் டோன் போயட் மறுவெளியீட்டு வரிசையில் (2019இல் தொடங்கியது) மாஸ்டரிங் பொறியாளர் கெவின் கிரே அசல் டேப்பிலிருந்து, டிஜிட்டலாக்காமல் அனலாகாகவே வெட்டுகிறார். அவர்களுடைய கிளாசிக் வினைல் வரிசையும் அவர் கைதான், அட்டைதான் கொஞ்சம் எளிமை.

சோல் ஜாஸுக்கு ஆர்கன் கலைஞர் ஜிம்மி ஸ்மித்தின் பேக் அட் த சிக்கன் ஷாக்கிலிருந்து ஆரம்பியுங்கள். 1960இல் பதிவு செய்து 1963இல்தான் வெளியிட்டார்கள். பேஸ் வாசிக்கத் தனி ஆள் இல்லை, அதையும் ஸ்மித்தே ஆர்கனில் பார்த்துக்கொள்கிறார். அந்த அடித்தளம் கொழகொழவென்று கேட்டால் உங்கள் பிரஸ்ஸிங் (தட்டை அச்சடித்த பதிப்பு) சரியில்லை என்று அர்த்தம்.

மாலைமேளம்:
டேப் விஷயத்தில் பழையதட்டு சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பிரேசில் தனி, சோல் ஜாஸ் தனி என்று பிரித்துத் தேடாதீர்கள், 1962 வாக்கில் இரண்டும் ஒரே ஆட்களின் கையில் கலந்துவிட்டன. சிக்கன் ஷாக்கில் கிட்டார் வாசித்த அதே கென்னி பர்ரெல்தான் 1962 அக்டோபரில் சாக்ஸ் கலைஞர் ஐக் கியூபெக்கின் போசா நோவா சோல் சாம்பா ஆல்பத்திலும் வாசித்தார். கியூபெக்குக்கு நுரையீரல் புற்றுநோய், அடுத்த ஜனவரியில் போய்விட்டார். அவர் மூச்சை அளந்து அளந்து விடும் சாக்ஸைக் கேட்டுவிட்டு உடனே அடுத்த தட்டை என்னால் போட முடிந்ததில்லை. 1962 டிசம்பரில் இன்னொரு சாக்ஸ் கலைஞர் கேனன்பால் ஆடர்லி, பிரேசில் பியானோ கலைஞர் செர்ஜியோ மெண்டஸ் குழுவோடு சேர்ந்து போசா நோவா (சாம்பாவும் ஜாஸும் கலந்த பிரேசில் இசை) பதிவு செய்தார், அது வெயில் அடித்த மாதிரி வேறு குணம்.

ஆர்கனும் வேண்டும் பிரேசிலும் வேண்டும் என்றால் பிரேசில் ஆர்கன் கலைஞர் வால்டர் வாண்டர்லி, 1966இல் வந்தது. லிஃப்ட் இசை என்று கிண்டல் செய்வார்கள், எனக்கே பாதி நேரம் அப்படித்தான் தோன்றும், ஆனாலும் சம்மர் சாம்பா பாட்டு வந்தால் கால் சும்மா இருக்காது. அந்த மெட்டைப் போட்ட மார்க்கோஸ் வாலே, 80 வயதைத் தாண்டி 2024இல் டூனல் அக்குஸ்திக்கோ என்று புது ஆல்பம் போட்டார். அதை முதலில் வாங்குங்கள்.

இன்னொருவர், பிரேசில் இசையமைப்பாளர் ஆர்த்தூர் வெரொகாய். 1972இல் ஒரு ஆல்பம் போட்டார், அப்போது யாரும் சீண்டவில்லை. ஹிப் ஹாப்காரர்கள் துண்டு துண்டாக எடுத்துச் சாம்பிள் செய்ய, 2003இல் மறுவெளியீடு வந்த பிறகுதான் பெயர் பரவியது. ஒரிஜினலைத் தேடி அலையாதீர்கள், மறுவெளியீடே போதும்.

அரைத்தூக்கம்:
தட்டு வெறியர்கள் கோபிக்கக் கூடாது, நான் எல்லாவற்றையும் போனில்தான் கேட்கிறேன். பிரேசில் பாடகர் மில்டன் நாசிமெண்டோவும் அமெரிக்க ஜாஸ் பாடகி எஸ்பெரன்சா ஸ்பால்டிங்கும் சேர்ந்து 2024இல் கொண்டுவந்த ஆல்பம் கேட்டீர்களா? மில்டன் குரல் உடைந்துதான் இருக்கிறது, அதை மறைக்காமல் விட்டிருக்கிறார்கள், எனக்கு அதுதான் பிடித்தது. பிரேசில் பாடகி ஜாய்ஸ் 1977இல் நியூயார்க்கில் இசைக்கோர்ப்பாளர் கிளாஸ் ஓகர்மேனோடு பதிவு செய்த நத்துரேசா 2022இல்தான் வெளியே வந்தது. இதைப் புதுசு என்பதா மறுவெளியீடு என்பதா? அதில் ஃபெமினினா பாட்டு பதினொரு நிமிஷம் ஓடுகிறது, ஒரு நிமிஷம்கூட அதிகம் இல்லை.

பாப் பக்கம் பாடகி லேவே இருக்கிறார். 2023இல் போசா நோவா தாளத்தில் அவர் பாடிய ஃபிரம் த ஸ்டார்ட் கேட்டு இந்தப் பக்கம் வந்தவன்தான் நான், திட்டுவதானால் திட்டுங்கள்.

ஊசிமுனை:
யாரும் திட்ட மாட்டார்கள் சார். இப்போதுதான் ஜாஸ் சாம்பா பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தேன்: டேப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, மாஸ்டரிங் ஆள் பெயரும் இல்லை, எடை மட்டும் இரண்டு இடத்தில் போட்டிருக்கிறது. நத்துரேசா ஓடிக்கொண்டிருக்கிறது, முடிந்ததும் வாலே.