உச்சை ஒறக்கம் (மத்தியானத் தூக்கம்): பென்ஷன் வாங்கின பிறகு வேணுமா, விட்டுரலாமா?

தக்கலை_வாத்தியார்

"ரிட்டயர்டு ஆயாச்சு, இனி மத்தியானம் நிம்மதியா ஒறங்கலாம்" என்று நம்ம ஊரில் சொல்லாத ஆள் கிடையாது. அதை எதிர்த்துத்தான் இந்த இழை. என் கட்சி இது: அறுபது தாண்டி வீட்டில் இருப்பவர் பகலில் படுக்கவே கூடாது.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேருகிறது. அது சேரச் சேரத்தான் ராத்திரி கண்ணை இழுக்கும். காலை 5 மணிக்கு எழுந்து, 1 மணிக்குச் சம்பா அரிசிச் சோறும் மீன்குழம்பும் முடித்து, 1.30 முதல் 3.30 வரை கட்டிலில் கிடந்தால் சேர்ந்ததில் நல்ல பங்கு அங்கேயே தீர்ந்துவிடும். ராத்திரி 9 மணிக்குப் படுத்தால் புரளத்தான் முடியும். "தூக்கமே வரல்ல டாக்டர்" என்று போய் நின்று மாத்திரை எழுதி வாங்குவது அடுத்த கட்டம். அந்த மாத்திரையின் மந்தம் மறுநாள் வரை நிற்கும், அதனால் மறுபடியும் உச்சைக்குக் கட்டில். வட்டம் முடிந்தது.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு மருந்தில்லாமல் பழக்கம் மாற்றித் தரும் சிகிச்சையிலும் பகல் தூக்கத்தை நிறுத்து அல்லது நன்றாகச் சுருக்கு என்றுதான் சொல்கிறார்கள். இரண்டு வாரம் செய்து பாருங்கள். சோற்றில் ஒரு கரண்டி குறைத்து அவியல், துவரன் என்று காய்கறியைக் கூட்டுங்கள். சாப்பிட்டதும் கால் மணி நேரம் மெதுவாக நடை. பாங்கு, ரேஷன் கடை, கரண்டு பில் எல்லாவற்றையும் 2 மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி 10 மணிக்கு முன்னால் படுக்கையில் ஏறக்கூடாது. முதல் நாலைந்து நாள் மத்தியானம் கண் சொக்கும், எரிச்சல் வரும். பிறகு ராத்திரித் தூக்கம் கட்டிக்கொள்ளும்.

பறக்கை_குளம்

அண்ணாச்சி, கணக்கில் பாதியைத்தான் சொன்னீர்கள். தூக்கத்தை நடத்துவது இரண்டு விஷயம். ஒன்று நீங்கள் சொன்ன சேர்மானம், இன்னொன்று உடம்புக் கடிகாரம். அந்தக் கடிகாரத்திலேயே மத்தியானம் 1 முதல் 3 வரை ஒரு பள்ளம் இருக்கிறது. சாப்பிடாமல் இருந்தாலும் அது வரும். சோறு அதைக் கூட்டுமே தவிர உண்டாக்காது. பள்ளத்தில் நின்றுகொண்டு ரேஷன் கடை வரிசைக்குப் போ என்றால் எப்படி?

பிரச்சினை தூக்கம் அல்ல, அதன் நீளம். 10 முதல் 20 நிமிடம் என்றால் மேலோட்டமான தூக்கத்திலேயே எழுந்துவிடலாம், தலை தெளிவாக இருக்கும். அரை மணி தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விடுவோம். அந்த நேரத்தில் எழுப்பினால் கால் மணி, அரை மணி வரை தலை கனக்கும், வாய் கசக்கும், யாரைப் பார்த்தாலும் கோபம் வரும். முழுச் சுற்று ஒன்றரை மணி நேரம். அதுதான் ராத்திரியைக் கெடுப்பது. ஆகவே 20 நிமிடம், 2.30-க்குள் முடிவு. இதற்கு மேல் சட்டம் வேண்டாம்.

அமெரிக்க விண்வெளி நிறுவனம் நாசா நெடுந்தூர விமானிகளை வைத்துச் சோதித்தது. 40 நிமிடம் ஓய்வு கொடுத்தார்கள், சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். விழிப்பும் வேலைத்திறனும் கூடின.

குலசேகரம்_பால்வெட்டு

ரெண்டு பேரும் 5 மணிக்கு எந்திரிக்க ஆளுக்குத்தான் பேசுகீங்க. ரப்பர் வெட்டுக்குப் போற ஆளு 3 மணிக்கு எந்திரிக்கணும். வெயில் ஏறினா பால் ஓட்டம் கொறையும், அதான் விடியதுக்கு முன்னால வெட்டு. வெட்டி முடிச்சு, சிரட்டையில உள்ள பாலை எடுத்து, டிஷ்ல ஆசிட் கலக்கி வைக்க பத்து பத்தரை ஆவும். அவனுக்குப் பள்ளம் 1 மணிக்கு இல்ல, 11 மணிக்கே வந்துரும். எந்திரிச்சதுல இருந்து ஏழெட்டு மணி நேரம் கணக்கு வச்சாத்தான் சரி.

அவன் ராத்திரி ஒறங்குகதே அஞ்சு மணி நேரம். 20 நிமிஷம் காணாது. குளிச்சிட்டு 11-ல இருந்து 12.30 வரை முழுச் சுத்து ஒறங்கி, அதுக்குப் பொறவு சோறு. சோறு தின்னுட்டு ஒறங்கப்போனா எழும்ப முடியாம நாலு மணி ஆயிரும், ஒறைஞ்ச பாலை ரப்பர் ஷீட் அடிக்க வேலை கெடக்கும். வலைக்குப் போற ஆளுக்கும் இதே கணக்குத்தான்.

தக்கலை_வாத்தியார்

குலசேகரம், உங்களுக்கு எதிராக நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ராத்திரிக் கடனைப் பகலில் அடைக்கிறார்கள், அது நியாயம். பென்ஷன்காரருக்கு என்ன கடன்?

பறக்கைக்குப் பதில். விமானி கண் சொக்கினால் விபத்து. நம்ம ஆள் கண் சொக்கினால் டி.வி. ஓடிக்கொண்டிருக்கும். ஆய்வுதான் வேண்டுமென்றால் 2007-ல் வந்த கிரேக்க ஆய்வைப் பாருங்கள். 23,000 பேருக்கு மேல். மத்தியானம் தூங்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு இதய நோய்ச் சாவு குறைவு என்று உலகமெல்லாம் எழுதினார்கள். அந்தப் பலன் குறிப்பாகத் தெரிந்தது வேலைக்குப் போகும் ஆண்களிடம். அதை யாரும் சொல்வதில்லை. 2022-ல் இன்னொன்று: தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பகலில் தூங்கும் முதியவர்களுக்கு அல்சைமர் வாய்ப்பு 40 சதவீதம் கூடுதல்.

பறக்கை_குளம்

அதே 2022 ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: நோய் முற்ற முற்றப் பகல் தூக்கமும் கூடுகிறது. எது காரணம், எது அறிகுறி என்று பிரிக்க முடியாமல் இரண்டும் பின்னிக் கிடக்கிறது. நீங்கள் ஒரு கையை மட்டும் காட்டுகிறீர்கள். அதிலும் அளவுகோல் ஒரு மணி நேரம். நான் பேசுவது 20 நிமிடம்.

கோட்டாறு_மருந்துக்கடை

நவீன ஆய்வை வைத்து அடித்துக்கொள்கிற விஷயத்துக்குப் பழைய ஆயுர்வேத நூல் எழுதிய சரகரே ஒரு வழி சொல்லியிருக்கிறார். பகல் தூக்கம் கபத்தைக் கூட்டும், ஆகாது என்பது பொது விதி. விலக்கு கோடைக்கு உண்டு, ஏனென்றால் அப்போது ராத்திரி குறுகியது. முதியவர், குழந்தைகள், உழைத்துக் களைத்தவர் இவர்களுக்கும் உண்டு. ஆக வாத்தியார் சொல்கிற "அறுபது தாண்டினால் கூடாது" அங்கே தலைகீழ். உட்கார்ந்தபடி கண் அயர்வதில் அந்தக் கெடுதல் இல்லை என்றும் சொல்கிறார். தார்சாவில் (முன்கூடத்தில்) கிடக்கும் சாருகசேராவுக்கு (சாய்வு நாற்காலிக்கு) இதைவிட நல்ல சிபாரிசு வேண்டுமா?

நடைமுறையிலும் அது சரிதான். வயிறு நிறைந்து மல்லாந்து படுத்தால் புளிச்சது மேலே ஏறும். சாய்ந்து இருந்தால் ஏறாது. கட்டிலில்தான் என்றால் இடது பக்கம் சரிந்து படுக்கலாம். நாற்காலியில் ஒரு தொந்தரவு, கால் தொங்கிக்கொண்டே இருந்தால் வீங்கும். முன்னால் ஒரு முக்காலி போட்டு, அதன் மேல் மடித்த துணி வைத்துக் காலை நீட்டுங்கள். கழுத்துக்குப் பின்னால் துண்டைச் சுருட்டி வைக்கவேண்டும், இல்லாவிட்டால் தலை தொங்கி ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளும்.

ஆசாரிபள்ளம்_சிஸ்டர்

யாரும் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. இந்த வயதில் பகல் தூக்கம் எத்தனையோ பேருக்கு மருந்தால் வருவது. பாத எரிச்சலுக்குக் கொடுக்கும் ப்ரீகாபலின், சளி மாத்திரையில் இருக்கும் குளோர்பெனிரமின், ராத்திரி போட்ட தூக்க மாத்திரையின் மிச்சம். பகல் தூக்கத்தை விடுவதா வேண்டாமா என்பதற்கு முன்னால் எந்த மாத்திரை எந்த நேரத்தில் என்று டாக்டரிடம் கேளுங்கள். தானாக நிறுத்தக்கூடாது.

சர்க்கரைக்கு கிளிமெபிரைடு அல்லது இன்சுலின் எடுப்பவர் அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கவே கூடாது. சர்க்கரை இறங்குவது தூக்கத்தில் தெரியாது. சட்டை நனைய வேர்த்து, பேச்சு குழறினால் "ஒறக்கக் கலக்கம்" என்று விட்டுவிடுவார்கள். உடனே குளுக்கோமீட்டர் வையுங்கள். 70-க்குக் கீழே என்றால், விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, கால் மணி கழித்து மறுபடியும் பாருங்கள். விழுங்க முடியாத ஆளுக்கு வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு.

எழுந்திருப்பதிலும் கவனம். வயதானவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்றிரண்டு மணி நேரம் ரத்த அழுத்தம் இறங்கும். பிராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் போடுபவருக்கு இன்னும் கூடுதல். சடாரென்று எழுந்து கதவு திறக்க ஓடித்தான் இடுப்பு எலும்பு முறிவது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, குதிகாலைப் பத்து தடவை தூக்கி இறக்கி, ஒரு நிமிடம் கழித்து நில்லுங்கள்.

ராத்திரி ஏழு மணி நேரம் தூங்கியும் பகலில் பஸ்ஸில், பூசையில், பேசிக்கொண்டிருக்கும்போதே சொக்குகிறவர் இந்த இழையின் எந்தக் கட்சியிலும் சேரவேண்டாம். குறட்டையும் இருந்தால் தூக்கத்தில் வரும் மூச்சுத் தடைக்குப் பரிசோதனை வேண்டும். தைராய்டு, ரத்தசோகையும் பார்க்கவேண்டும்.

தக்கலை_வாத்தியார்

சிஸ்டர் சொன்னது அத்தனையும் சரி. பறக்கைக்கு ஒரே கேள்வி. அந்த 20 நிமிடத்தை யார் முடித்துவைப்பார்? ஆபீசில் இருப்பவரை மேசை எழுப்பும், பால்வெட்டுக்காரரை ஷீட் எழுப்பும். ரிட்டயர்டு ஆளுக்கு எழுந்தே ஆகவேண்டிய காரணம் ஒன்றும் கிடையாது. அலாரம் அடித்தால் அணைத்துவிட்டுத் திரும்பிப் படுப்பார். 20 நிமிடம் என்பது காகிதத்தில்தான். அதனால்தான் படுக்கவே வேண்டாம் என்கிறேன்.

பறக்கை_குளம்

இது நியாயமான கேள்வி. கட்டிலில் படுத்தால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். அதனால் இடத்தை மாற்றவேண்டும்.

தார்சா, வெளிச்சம் விழுகிற இடம், நாற்காலி. போர்வை வேண்டாம், உடம்பு குளிர்ந்தால் எழ மனம் வராது. அலாரம் 25 நிமிடத்துக்கு: கண் அயர ஐந்து, தூக்கம் இருபது. போன் அடுத்த அறையில் இருக்கட்டும், அணைக்க நடந்தே ஆகவேண்டும். உட்காருவதற்கு முன்னால் அரை டம்ளர் கட்டஞ்சாயா (பால் சேர்க்காத தேநீர்) குடியுங்கள். தேயிலையின் வேகம் ஏற எப்படியும் இருபது நிமிடம் ஆகும், எழும் நேரத்துக்குச் சரியாக வந்து நிற்கும். 1.30-க்குப் பிறகு குடித்தால் ராத்திரியைத் தொடும், இதில் நான் வாத்தியார் பக்கம். எழுந்ததும் முகம் கழுவி முற்றத்தில் பத்து நிமிடம் வெளிச்சத்தில் நில்லுங்கள். ஸ்கூட்டர் சாவியை அரை மணி நேரத்துக்குத் தொடவேண்டாம்.

குளச்சல்_கரை

கையில சாவிக்கொத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒறங்கினா போராதா? விழுந்ததும் முழிச்சிரலாமே.

பறக்கை_குளம்

அது வேறு கணக்கு. கண் அயர்ந்து கை தளர்ந்ததுமே சாவி விழுந்துவிடும், இருபது நிமிடம் கிடைக்காது. சொக்கல் தெளிய மட்டும் உதவும்.

குலசேகரம்_பால்வெட்டு

ஆனி ஆடியில மூணு நாளு விடாம மழை பெய்யும்போ தார்சாவுல வெளிச்சம் எங்க இருக்கு? அந்த இருட்டுல ஒறங்கினா சாயங்காலம் விளக்கு வைக்கத்தான் முழிப்பு வரும்.

தக்கலை_வாத்தியார்

அந்த நாட்களில் ட்யூப் லைட்டைப் போட்டுவிட்டு உட்காரட்டும். பாருங்கள், நானே பறக்கைக்கு யோசனை சொல்லிக் கொடுக்கிறேன். ராத்திரி தூக்கம் ஒழுங்காக வரும் ஆளுக்கு நாற்காலியும் 25 நிமிடமும் இருந்துவிட்டுப் போகட்டும். வராத ஆளுக்கு என் இரண்டு வாரம்தான், அதில் மாற்றமில்லை. எந்த ஆள் என்று தெரிய ஒரு நோட்டில் படுத்த நேரம், கண் அயர்ந்த நேரம், முழித்த நேரம் மூன்றையும் ஒரு வாரம் குறியுங்கள். ராத்திரி கண் அயர அரை மணிக்கு மேல் ஆகிறது என்றால் நாற்காலியும் கிடையாது.

ஒன்று பாக்கி. காது மந்தமான ஆளுக்கு அடுத்த அறை அலாரம் எப்படிக் கேட்கும்?

ஆசாரிபள்ளம்_சிஸ்டர்

வைப்ரேஷனில் போட்டு வேட்டி மடியில் சொருகிக்கொள்ளட்டும். சட்டைப் பாக்கெட் வேண்டாம், பேஸ்மேக்கர் வைத்தவர் போனை அதிலிருந்து அரை அடியாவது தள்ளி வைக்கவேண்டும்.