கடலைப் பாலுக்கு லேப் டெஸ்ட்: பாட்டிலைக் கொடுப்பதா, பருப்பைக் கொடுப்பதா?

செக்குமேடு:
வீட்டில் நிலக்கடலைப் பாலும் பாதாம் பாலும் அரைத்துத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்து வருகிறேன். இப்போது ஒரு கடைக்காரர் ரிப்போர்ட் கேட்கிறார். ஒரு பாட்டிலை லேபில் கொடுத்தேன், பூஞ்சை விடும் நஞ்சான அஃப்லாடாக்சின் 'கண்டறியப்படவில்லை' என்று வந்தது. இது போதும்தானே? எப்படியும் கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறேன்.

லேப்வாசி:
கொதிக்க வைப்பதை நம்பாதீர்கள். பூஞ்சை செத்துவிடும், அது விட்டுப்போன நஞ்சு அந்தச் சூட்டுக்கெல்லாம் அசையாது. அப்புறம் ரிப்போர்ட்டில் எல்ஓக்யூ என்று ஓர் எண் இருக்கும், அந்த லேப் உறுதியாக அளந்து சொல்லக்கூடிய மிகக் குறைந்த அளவு அது. ஒரு கிலோ கடலையில் 10 மைக்ரோகிராம் இருப்பதாக வையுங்கள், 100 கிராமை ஒரு லிட்டருக்கு அரைத்தால் அத்தனையும் பாலில் இறங்கினாலும் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம்தான், எல்ஓக்யூ 2 என்றால் அது தெரியவே தெரியாது. பருப்பைக் கொடுங்கள். அதிலும் மூட்டையின் மேலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிப் போகாதீர்கள், பூஞ்சை எல்லாப் பருப்பிலும் சமமாக இருக்காது, எங்கோ நாலு பருப்பில்தான் மொத்த நஞ்சும் இருக்கும். எல்லா மூட்டையிலும் மேல், நடு, அடி என்று எடுத்து, மொத்தத்தையும் அரைத்துக் கலந்து, அதிலிருந்துதான் சாம்பிள்.

ராகிக்கூழ்:
இதற்குத்தான் மாட்டுப்பாலே மேல் என்கிறேன்.

லேப்வாசி:
அதுவும் தப்பவில்லைங்க. 2018இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ நாடு முழுக்க 6,432 பால் சாம்பிள் எடுத்தது, 368இல் அஃப்லாடாக்சின் எம்1 வரம்புக்கு மேல், அதில் 88 நம் தமிழ்நாட்டுடையது. பூஞ்சை பிடித்த தீவனத்தை மாடு தின்றால் அந்த நஞ்சு எம்1 ஆக மாறிப் பாலில் வந்துவிடுகிறது.

ஓட்ஸ்பிரியை:
ஓட்ஸ் பாலுக்கும் இதே டெஸ்ட்தானா அண்ணா?

லேப்வாசி:
இல்லை. ஓட்ஸில் வயலிலேயே வரும் ஃபியூசேரியம் பூஞ்சைதான் முக்கியம். அது விடும் நஞ்சுகளை டி-2, எச்டி-2 என்று தனியாகக் கேட்க வேண்டும், கேட்காததை யாரும் பார்த்துத் தரமாட்டார்கள்.

செக்குமேடு:
ரிப்போர்ட்டை இப்போதுதான் திரும்பப் பார்த்தேன், எல்ஓக்யூ 5 என்று போட்டிருக்கிறது. பணம் போனது போனதுதான். சுருங்கினது, கருத்தது எல்லாம் பொறுக்கிப் போட உட்கார்ந்திருக்கிறோம், கால் மூட்டைக்கே மதியம் ஆகிவிட்டது.