'பதிவு' வேண்டாம், சரி. வேறென்ன சொல்?

வணக்கம். காணி, வீடு விற்பவர்களும் வாங்குபவர்களும் பார்க்க ஒரு இணையத்தளம் செய்துகொண்டிருக்கிறோம். பூநகரியில் இருந்து ஓமந்தை வரைக்கும் உள்ள காணிகள் வரும். இடைமுகச் சொற்களை வெள்ளிக்கிழமை கையளிக்க வேண்டும். எந்த மென்பொருளில் கட்டுவது என்பதும் இன்னும் முடிவாகவில்லை.

இரண்டு சொற்களில் சிக்கி நிற்கிறோம். இணையத்தளம் கட்டி நடத்துகிற மென்பொருள்களான வேர்ட்பிரஸ், ஜூம்லா, ட்ருபல் என்பவற்றுக்கான பொதுப்பெயர் ஒன்று. 'உள்ளடக்க முகாமைத்துவ முறைமை' என்று படித்தோம், ஆனால் வாயில் வருவது சீஎம்எஸ்தான். பட்டியலில் ஏறுகிற தனி ஒன்றுக்கான பெயர் மற்றது. படம், விலை, அளவு எல்லாம் சேர்ந்த அந்த ஒன்றை ஆங்கிலத்தில் 'லிஸ்ரிங்' என்பார்கள்.

நாங்கள் 'பதிவு' என்று போட்டிருந்தோம், வலைப்பதிவுக் காலத்தில் பழகிய சொல். போன கிழமை பரீட்சித்துப் பார்க்க முழங்காவிலில் இருந்து ஒரு ஐயா வந்தார். எல்லாம் நிரப்பி அழுத்தினார். 'உங்கள் காணிப் பதிவு நிறைவடைந்தது' என்று வந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்ப உறுதி எப்ப பிள்ளை கையில வரும்?" என்று கேட்டார். உறுதி என்பது காணியின் உரிமைப் பத்திரம்; காணிப் பதிவகத்தில் நடக்கிற பதிவு என்று நினைத்துவிட்டார். அன்று பின்னேரமே அந்தச் சொல்லைத் தூக்கிவிட்டேன். இடம் வெறுமையாக இருக்கிறது, உதவுங்கள்.
— கிளிநொச்சி

பிள்ளைக்கு வணக்கம்.

'பதிவு' போனது நல்லது. ஆனால் முதலாவது சொல்லை நீர் இலேசாக விட்டுவிட்டீர். முகாமைத்துவம் என்பது என்ன சொல்? 'முகாமை' ஒரு பண்புப்பெயர். அதன் வாலில் 'த்துவம்' என்ற வடமொழி விகுதியை ஏன் ஒட்ட வேண்டும்? பெருமைத்துவம், பொறுமைத்துவம் என்று யாராவது சொல்வார்களா?

நான் ஒரு சொல் தருகிறேன், சிரிக்க வேண்டாம். விதானை.

எங்கள் பக்கத்துக் குளத்தை நினைத்துப் பாரும். தண்ணீர் குளத்தில் நிற்கிறது, அது உங்கள் தரவுத்தளம். துருசு திறந்தால் வாய்க்காலில் வருகிறது. வாய்க்காலின் போக்கு எப்படியோ தண்ணீர் அப்படியே ஓடும், அது பக்கத்துக்கு வடிவம் கொடுக்கிற உங்கள் வார்ப்புரு. வயலில் பாய்வதுதான் பக்கம். எந்த வாய்க்காலுக்கு எப்போது எவ்வளவு என்று தீர்மானிப்பவர் வட்டவிதானையார். சிறுபோகத்தில் தண்ணீர் குறைந்தால் எந்தப் பகுதி விதைப்பது, எது விடுவது என்று கூட்டத்தில் முடிவெடுப்பார்கள், அதன்படி தண்ணீர் போகிறதா என்று பார்ப்பவர் அவர்தான். உள்ளடக்கத்தை யார் ஏற்றலாம், யார் திருத்தலாம், எது வெளியில் தெரியலாம் என்று பார்க்கிற மென்பொருளும் அதே வேலையைத்தானே செய்கிறது? 'உள்ளடக்க விதானை'. மூன்று சொல் இரண்டாகிவிட்டது. இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிற எவரும் கேட்டவுடன் பிடித்துக்கொள்வார்.

விதானை சிங்களத்தில் இருந்து வந்தது என்று யாராவது எழும்புவீர்கள். வரட்டும். தொல்காப்பியர் சொற்களை நான்காக வகுத்தபோது திசைச்சொல்லுக்கும் ஒரு இருக்கை கொடுத்திருக்கிறார்.
— மாங்குளம்

ஐயா, சிரிக்கவில்லை. ஆனால் இங்கே விதானம் என்றால் மேற்கட்டி. 'உள்ளடக்க விதானை' என்று படித்தவுடன் பந்தல்தான் கண்ணில் வந்தது. துருசும் எனக்குப் புதுச்சொல், நாங்கள் மதகு என்போம்.

தமிழகத்தில் 'உள்ளடக்க மேலாண்மை அமைப்பு' பரவலாக இருக்கிறது. மேலாண்மை நல்ல சொல், விகுதிச் சண்டையும் இல்லை. அப்புறம் லிஸ்டிங்குக்கு 'இடுகை' என்று வைக்கலாமே? வலைப்பதிவர்கள் பல ஆண்டுகளாகப் புழங்கிய சொல்தான்.
— தாம்பரம்

இடுகையா? எங்கள் ஊரில் அதைக் காட்டினால் கோவில் நன்கொடைப் பற்றுச்சீட்டு என்பார்கள்.
— கரடிப்போக்கு

முகாமைத்துவம் பற்றி ஒன்று. மாங்குளம் மாஸ்டர் விகுதியைப் பார்க்கிறார், எனக்கு முதல் மூன்று எழுத்துதான் தெரிகிறது. முகாம் அரபியில் இருந்து உருது வழியாக வந்த சொல், முகாமை அதோடு தொடர்பில்லாததாக இருக்கலாம். அது எனக்கு முக்கியம் இல்லை. 2009இல் எங்கள் ஊர்ப்பக்கம் கூடாரங்களுக்குள் இருந்தவர்கள்தான் இன்று காணி தேடுவார்கள், காணி விற்பார்கள். திரையின் மேல்பக்கத்தில் பெரிய எழுத்தில் 'காணி முகாமை' என்று வந்தால் எப்படி இருக்கும் என்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

நான் சொல் தரவில்லை. இது வேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன்.
— செட்டிகுளம்

செட்டிகுளத்து அக்கா சொன்னதை மறுக்கமாட்டேன். பள்ளியில் தகவல் தொழினுட்பம் படிப்பிக்கிறவன் என்ற முறையில் ஒரு வில்லங்கத்தை மட்டும் சொல்கிறேன். பிள்ளைகள் முகாமைத்துவம் என்றுதான் படித்துப் பரீட்சைக்கும் போகிறார்கள். நான் வகுப்பில் விதானை என்று சொல்லிக்கொடுத்தால் விடைத்தாள் திருத்துகிறவர் அதை விளங்கிக்கொள்வாரா? தளத்தில் வேறு, வகுப்பில் வேறு என்று போகட்டும். எப்படியும் காணி விற்க வருகிறவர் இந்தப் பெயரைப் பார்க்கப்போவதே இல்லை. அது பின்னால் இயங்குகிற சாமான்.

அதனால் எதில் கட்டுவது என்ற கேள்விக்கு வருகிறேன். மூன்று மொழியிலும் தளம் வேண்டுமா? தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் என்றால் ட்ருபலிலும் ஜூம்லாவிலும் பன்மொழி வசதி உள்ளேயே இருக்கிறது. வேர்ட்பிரஸுக்குச் செருகி, அதாவது மேலதிக வசதி தருகிற சிறு மென்பொருள், போட வேண்டும். அடுத்தது தேடல். விலை, பரப்பளவு போன்ற மேலதிகப் புலங்களை (நிரப்புகிற கட்டங்களை) வேர்ட்பிரஸ் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு அட்டவணையில் எழுத்தாகவே வைக்கிறது. எண்ணாக எடுத்து வரிசைப்படுத்து என்று சொல்ல மறந்தால் முதல் எழுத்தைப் பார்த்து 10 பரப்புக் காணி 9 பரப்புக் காணிக்கு முன்னால் வந்து நிற்கும். ட்ருபலில் ஒவ்வொரு புலத்துக்கும் தனி அட்டவணை, எண் எண்ணாகவே கிடக்கும். ஆனால் ட்ருபலைப் பராமரிக்க ஆள் வேண்டும். அதன் 7ஆம் பதிப்பில் கட்டியவர்கள் 8க்குப் போனபோது கூரை மாற்றவில்லை, அத்திவாரத்தில் இருந்து புது வீடு கட்டினார்கள்.

புலம் என்றதும் நினைவு வருகிறது: காணித் தளத்தில் 'புலங்களை நிரப்புக' என்று எழுதாதீர்கள். மண் கொண்டுபோய்க் கொட்டச் சொல்கிறீர்கள் என்று எடுப்பார்கள்.
— வவுனியா

தம்பி சொன்ன தொழில்நுட்பம் எனக்கு விளங்கவில்லை, ஆனால் 'காணி' என்று நீங்கள் எல்லோரும் தாராளமாக எழுதுவதைப் பார்த்தேன். வீடு, கடை, களஞ்சியம் எல்லாம் விற்கப்படுமே? அதற்கு 'ஆதனம்' இருக்கிறது. பிரதேச சபைக்கு நாங்கள் கட்டுவது ஆதனவரி. தமிழகத்தார் சொத்துவரி என்பார்கள்.

ஆதனம் எப்படிப் பிறந்தது? என் துணிபு: ஆ + தனம். ஆ என்றால் பசு. ஆநிரையே செல்வமாக இருந்த காலத்துச் சொல். மாடு என்ற சொல்லே செல்வம் என்ற பொருளில் குறளின் கல்வி அதிகாரத்தில் வருகிறதே. வன்னியில் பட்டி மாடு வைத்திருந்தவன்தான் பெரிய மனிதன், காணி யாரிடம்தான் இல்லை? காடு வெட்டினால் காணி. ஆகவே ஆதனம் என்ற சொல்லுக்குள் வன்னியே இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையைப் பாருங்கள், 1707இல் ஒல்லாந்தர் எழுதுவித்தது. அதில் சொத்தின் வகைகள் முதுசம், சீதனம், தேடியதேட்டம். சீதனத்திலும் அதே தனம். தேடியதேட்டம் எவ்வளவு அழகான தொடர்! தேடுபொறி வைத்த தளத்துக்கு 'தேட்டம்' என்றே பெயர் வைக்கலாம். தேடுவதும் அதுதான், கிடைப்பதும் அதுதான்.
— மாங்குளம்

ஐயா, தனம் வடசொல் இல்லையா? 'த்துவம்' கூடாது, 'தனம்' ஆகுமா?
— தாம்பரம்

தனம் தமிழில் குடியேறி உறுதியும் எடுத்துவிட்டது. த்துவம் இன்னும் வாடகைக்கு இருக்கிறது.
— மாங்குளம்

நான் காணிக் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். உங்கள் சண்டையை மூன்று நாளாக வாசிக்கிறேன். ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: விற்கலாமா?

வன்னியில் பெரும்பங்கு குடியேற்றத் திட்டக் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது, அல்லது பிறகு அளிப்பாக, அதாவது அரசு நிபந்தனையோடு தருகிற உரிமைப் பத்திரமாக, மாறியது. இவற்றை உறுதிக் காணி மாதிரி நினைத்தவருக்கு எழுதிக்கொடுக்க முடியாது, அதிகாரியின் இணக்கம் வேண்டும். 'பெமிற் காணி, விலை பேசலாம்' என்று போட்டு, காசு கைமாறி, பிறகு என் மேசைக்கு வந்து அழுதவர்களைக் கண்டிருக்கிறேன். ஆகவே ஆவண வகை என்பது கட்டாயம் நிரப்ப வேண்டியதாக இருக்கட்டும்: உறுதி, அளிப்பு, அனுமதிப்பத்திரம். அதை நிரப்பாமல் படம்கூட ஏற்ற விடாதீர்கள். பட்டியலில் விலைக்குப் பக்கத்திலேயே அது தெரிய வேண்டும், உள்ளே போய் அமத்திப் பார்க்கிற இடத்தில் இல்லை.

அளவு அடுத்த பிரச்சினை. வயல்காரர் ஏக்கரில் சொல்வார், வளவு விற்பவர் பரப்பில் சொல்வார், கொழும்பில் இருந்து வாங்க வருகிறவர் பேர்ச்சில் கேட்பார். 1 பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு 1 ஏக்கர். உள்ளே பேர்ச்சில் மட்டும் வைத்துக்கொண்டு, காட்டும்போது மாற்றிக் காட்டுங்கள். எந்த மென்பொருள் இதைச் செய்யுமோ அதுவே நல்ல மென்பொருள்.

சொல்லும் கேட்டீர்கள். 'துண்டு' என்று வையுங்கள். "ரோட்டுக்கரையில ஒரு துண்டு இருக்கு" என்றுதான் சனம் சொல்லும். கடதாசித் துண்டும் துண்டுதான். காணித்துண்டைப் பற்றிய ஒரு துண்டு.
— முள்ளியவளை

துண்டு நல்லாயிருக்கிறது அண்ணை. ஆனால் 'உங்கள் துண்டு நீக்கப்பட்டது' என்று செய்தி வந்தால் மனுசனுக்கு நெஞ்சு வலிக்கும். காணியையே பறித்துவிட்டார்கள் என்று நினைப்பான்.
— கரடிப்போக்கு

அதே வில்லங்கம் 'பதிவு நீக்கப்பட்டது' என்பதிலும் இருந்தது.

நான் இங்கே ஜூம்லாவில் ஒரு கோவில் தளம் பார்க்கிறேன். அதில் எதை ஏற்றினாலும் 'கட்டுரை'. பூசை நேரம் கட்டுரை, அன்னதானம் கட்டுரை. கனகராயன்குளத்தில் 2 ஏக்கர் வயலும் கட்டுரையாகிவிடும். ட்ருபலில் இன்னும் மோசம், அடிப்படை அலகு 'கணு'. கரும்பு விற்கிற தளம் என்றால் பொருந்தும். இதனாலேயே சொல்கிறேன், மென்பொருள் தருகிற சொல்லை அப்படியே மொழிபெயர்க்காதீர்கள். வேர்ட்பிரஸில் 2010இல் வந்த 3.0 முதல் தனி உள்ளடக்க வகை உருவாக்கி, பெயர், பொத்தான், செய்தி எல்லாவற்றையும் நீங்களே எழுதலாம். ட்ருபலிலும் வகைக்குப் பெயர் உங்கள் கையில். மென்பொருளின் கலைச்சொல் வேறு, காணிக்காரருக்குக் காட்டுகிற சொல் வேறு.

'அறிவித்தல்' பற்றி ஒருவரும் பேசவில்லையே?
— மொன்றியல்

அறிவித்தல் என்றால் மரண அறிவித்தல். வேண்டாம்.
— செட்டிகுளம்

எல்லோருக்கும் நன்றி. இன்று வியாழன், அதனால் முடிவை எழுதுகிறேன்.

லிஸ்ரிங்குக்கு 'விபரம்'. காணி விபரம், வீட்டு விபரம். அழகில்லை என்று தெரியும். ஆனால் 'உங்கள் காணி விபரம் சேர்க்கப்பட்டது', 'காணி விபரம் நீக்கப்பட்டது' என்ற இரண்டையும் முழங்காவில் ஐயாவுக்கு வாசித்துக் காட்டினேன். உறுதி பற்றிக் கேட்கவில்லை. "விபரத்தைத்தானே எடுத்தவை, காணி கிடக்குது" என்றார். ஐந்து பேர் இதற்குச் சரி என்றீர்கள், இரண்டு பேர் களைத்துப்போய் சரி என்றீர்கள். அதையும் சரியாகவே எடுத்துக்கொண்டேன். 'துண்டு' என்பதைத் தேடல் பெட்டியில் வைத்திருக்கிறேன்: 'எப்படியான துண்டு தேடுகிறீர்கள்?'

வேர்ட்பிரஸில்தான் கட்டுகிறோம். மனம் ட்ருபல் பக்கம்தான் நின்றது. ஆனால் நாங்கள் போனபிறகு இதைப் பார்க்கப்போகிறவர் கந்தோரில் கணக்கு எழுதுகிற தங்கச்சி, அவருக்கு வேர்ட்பிரஸ் பழக்கம். அளவை பேர்ச்சில் எண்ணாக வைக்கிறோம், 9க்குப் பிறகு 10 வருகிறது. ஆவண வகை இல்லாமல் எதுவும் ஏறாது. சிங்களத்துக்குச் செருகி தேட வேண்டும்.

முகாமைத்துவம் திரையில் எங்கும் இல்லை. பொதுப்பெயர் வருகிற ஒரே இடம் கையேடு, அதில் 'தள மென்பொருள்' என்று எழுதிவிட்டேன். மாஸ்டர் கோபிக்கக்கூடாது, விதானையையும் விடவில்லை. வருகிற விபரங்களைச் சரிபார்த்து வெளியிட அனுமதிக்கிறவரின் பெயருக்குப் பக்கத்தில் 'விதானை' என்று போட்டிருக்கிறோம்.
— கிளிநொச்சி

பிள்ளை, நான் சொன்னது முறைமைக்கு. நீர் ஆளுக்கு வைத்துவிட்டீர். ஆள் ஏற்கெனவே விதானைதான், அதற்கு நான் ஏன் குளமும் துருசும் இழுத்து எழுதினேன்? 'தள மென்பொருள்' என்பது சொல் இல்லை, சொல் கிடைக்காதவன் எழுதுகிற குறிப்பு. அதைவிட 'விபரம்' என்று எழுதுகிறீர்களே, அது 'விவரம்' அல்லவா? வகரம் எப்படிப் பகரமானது என்று நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.
— மாங்குளம்

ஐயா, நாளைக்கு வெள்ளிக்கிழமை.
— கிளிநொச்சி