8 மாதக் குழந்தைக்குச் சைகை கற்றுக்கொடுத்தால் பேச்சு தள்ளிப்போகுமா?

தாழம்பூ:
பால், போதும், இன்னும் வேணும் மாதிரி சில சைகைகள் சொல்லிக்கொடுக்கலாம்னு இருக்கோம். "கையாலயே கேட்டுப் பழகிட்டா வாயைத் திறக்காது"ன்னு மாமியார் தடுக்கிறாங்க. உண்மையா? எத்தனை சைகையில ஆரம்பிக்கணும்?

கடலோரம்:
பேச்சு தள்ளிப்போகாது. ஆய்வுகள் எதிலும் அப்படித் தெரியவில்லை. இரண்டு, மூன்று சைகையே போதும். பாலுக்கு, முஷ்டியை மூடி மூடித் திறப்பது. 'இன்னும்' என்றால் இரு கை விரல்நுனிகளையும் குவித்து ஒன்றோடொன்று தட்டுவது. 'போதும்' என்பதற்கு இரு கைகளையும் விரித்து வெளிப்பக்கம் திருப்புவது. குழந்தை உங்கள் முகத்தைப் பார்க்கும் நேரத்தில், வாயால் "பால்" என்று சொல்லிக்கொண்டே காட்டுங்கள். சொல் இல்லாமல் கையை மட்டும் ஆட்டக் கூடாது. காட்டியபின் நாலைந்து நொடி பொறுங்கள். உடனே கொடுத்துவிட்டால் அது எதற்குக் கேட்கப்போகிறது? ஒன்றிரண்டு மாதம் பதிலே வராது. பலர் கைவிடுவது அந்தக் கட்டத்தில்தான்.

மழைமேகம்:
'இன்னும்' சைகையை முதல்ல ஆரம்பிக்காதீங்க. அது பலிக்குதுன்னு தெரிஞ்சதும் பந்து, பிஸ்கட், தூக்கு, எல்லாத்துக்கும் அதையே தட்டும். என்ன வேணும்னு உங்களுக்குப் புரியாது. பால், தண்ணி, விளக்குன்னு பொருளோட சைகையே முதல்ல வரட்டும். இந்த வயசுல விரல்நுனி சேராது, அதனால 'இன்னும்' வெறும் கைதட்டலாத்தான் வரும். அதை ஏத்துக்கிட்டு, நீங்க சரியா செஞ்சு காட்டினா போதும். கையைப் பிடிச்சுத் திருத்தினா எரிச்சல்தான் வரும். மாமியார்கிட்ட, டாட்டா காட்டுறதும் சாமி கும்பிடுறதும் சைகைதானேன்னு கேட்டுப் பாருங்க!

நூலகன்:
அறிவு கூடும், சீக்கிரம் பேசும் என்று விற்கும் அட்டைகளுக்கும் வகுப்புகளுக்கும் காசு கொடுக்க வேண்டாம். கலிபோர்னியாவில் லிண்டா அக்ரடோலோ, சூசன் குட்வின் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், சைகை கற்ற குழந்தைகள் பேச்சில் சற்று முந்தினார்கள். ஆனால் 2013இல் பிரிட்டனில் எலிசபெத் கிர்க் குழு 40 குழந்தைகளை 8 முதல் 20 மாதம் வரை கவனித்தபோது, மொழி வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை. சைகை காட்டிய தாய்மார்கள் குழந்தையின் குறிப்புகளைக் கூடுதலாகக் கவனித்தார்கள். எனக்கு அதுவே போதுமான லாபமாகப் படுகிறது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 12 மாதத்தில் சுட்டிக்காட்டுவதோ டாட்டாவோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டி, காது கேட்கும் திறனையும் சோதிக்க வேண்டும். காது கேளாத குழந்தைக்கு இந்த நாலைந்து சைகை பற்றாது. இலக்கணத்தோடு கூடிய முழுமையான இந்திய சைகை மொழியை வீட்டாரும் சேர்ந்து கற்க வேண்டும்.