மூணு நாள் ஆகியும் வாய்க்கால் தண்ணி தெளியலையே, ஏன்?

வண்டல்வயல் (மன்னார்குடி பக்கம்):
வீட்டுக்குப் பின்னாடி நாலு பாத்தி கத்திரி, வெண்டை போட்டிருக்கேன். 200 லிட்டர் டிரம்ல வாய்க்கால் தண்ணிய ஊத்தி, அடியில குழாய் வச்சு சொட்டுநீர். மேட்டூர் தண்ணி வந்ததுலேர்ந்து சொட்டுவாய் அடைச்சுக்கிட்டே இருக்கு. ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்ல பிடிச்சு ஜன்னல்ல வச்சுப் பார்த்தேன். ஒரே நிமிஷத்துல மணல் அடியில உக்காந்துருச்சு. சாயங்காலம் அதுமேல மாவு மாதிரி ஒரு படிவு. மேல மட்டும் இன்னும் பால் கம்மியா ஊத்துன டீ மாதிரியே நிக்குது. இன்னும் எத்தனை நாள் காத்திருக்கணும்?

கிணத்தடி:
தேத்தாங்கொட்டைய டிரம் உள்பக்கம் உரசிவிடுங்க. எங்க அப்பாயி பானையில அப்படித்தான் செய்வாங்க.

பழைய ஆபரேட்டர்:
தம்பி, 31 வருஷம் குடிநீர் சுத்திகரிப்புல இருந்தவன் சொல்றேன், காத்திருந்து பிரயோஜனம் இல்ல. ஸ்டோக்ஸ்னு ஒரு விஞ்ஞானி 1851லயே கணக்குப் போட்டு வச்சுட்டார். துகளோட பருமன், அதாவது குறுக்களவு, பாதியானா இறங்குற வேகம் கால்வாசி ஆயிடும். 0.05 மி.மீ. மணல் நொடிக்கு 2 மி.மீ. இறங்கும், அதான் ஒரு நிமிஷத்துல வேலை முடிஞ்சுது. களிமண்ணுல பெரிய துகளே 0.002 மி.மீ. தான். அது 10 செ.மீ. இறங்க நம்ம ஊர் சூட்டுக்கு 6 மணி நேரம். உங்க டிரம் 90 செ.மீ. உயரம் இருக்குமா? மேலேர்ந்து அடிக்கு வர ரெண்டு நாள் தாண்டும். அதுலயும் பத்துல ஒரு பங்கு பருமன்னா ஏழு மாசம்! அதுவும் தண்ணி அசையாம இருந்தா. ஜன்னல் வெயில் பட்டா பாட்டிலுக்குள்ள தண்ணி மேலயும் கீழயும் சுத்தும், இறங்குனதையும் தூக்கிடும்.

இன்னொண்ணு, களித்துகள் எல்லாம் மைனஸ் மின்னேற்றம். ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டே நிக்கும், சேராது. படிகாரம் அதைத்தான் அடக்குது. தேத்தாங்கொட்டையும் துகள்களை ஒட்டவச்சு கனமாக்குறதுதான், அப்பாயி சொன்னது தப்பில்ல.

10 கிராம் படிகாரத்தை ஒரு லிட்டர் தண்ணில கரைச்சு வச்சுக்குங்க. அஞ்சு பாட்டில் எடுத்து ஒவ்வொண்ணுலயும் ஒரு லிட்டர் வாய்க்கால் தண்ணி, அதுல வரிசையா 1, 2, 3, 4, 5 மில்லி கரைசல். ஒரு நிமிஷம் வேகமா கலக்கிட்டு, அப்புறம் கால் மணி நேரம் மெதுவா. இந்த மெதுவாதான் முக்கியம்; அவசரப்பட்டு அடிச்சா சேர்ந்த திரள் உடைஞ்சு போகும். அரை மணி விட்டுப் பாருங்க. தெளிஞ்சதுல குறைஞ்ச அளவு எதுவோ அதை எடுத்துக்குங்க. கூடப் போட்டா இன்னும் தெளியும்னு நினைக்காதீங்க, துகள் பிளஸ் பக்கம் சாய்ஞ்சு திரும்பக் கலங்கிடும். புதுசா வர்ற பையன்க எல்லாருமே இந்தத் தப்பைப் பண்ணுவாங்க, நானும் பண்ணியிருக்கேன்.

குழாயை அடியிலேர்ந்து ஒரு சாண் மேல மாத்துங்க. சேறு உக்கார இடம் வேணாமா? குடிக்கிறதுக்குன்னா தெளிஞ்சாலும் கொதிக்க வைக்கணும்.

சேலத்துக்காரன்:
எங்க ஜவ்வரிசி மில்லுல கிழங்குப் பாலை ராத்திரி தொட்டில விட்டா காலைல கட்டியாக் கிடக்கும், மண்வெட்டி போட்டு வெட்டணும். மாவு மண்ணைவிட லேசுதானே, அது மட்டும் எப்படி?

பழைய ஆபரேட்டர்:
லேசுதான், ஆனா பருமன் அதிகம். மரவள்ளி மாவுமணி 0.015 மி.மீ. இருக்கும். களியைவிட ஏழெட்டு மடங்கு, அதை வர்க்கம் பண்ணிப் பாருங்க.

வண்டல்வயல்:
ஐயா, இன்னைக்கு செஞ்சு பார்த்தேன். 1, 2 மில்லி அப்படியே கலங்கல். 3 மில்லில பத்து நிமிஷத்துல பஞ்சுப் பிசிறு மாதிரி திரண்டு மெல்ல இறங்குச்சு, பாட்டிலுக்குப் பின்னாடி வச்ச காலண்டர் தேதி தெரியுது. 5லயும் அதே தெளிவுதான். அப்ப டிரம்முக்கு 600 மில்லி கரைசல், சரிதானே?

பழைய ஆபரேட்டர்:
சரி. 6 கிராம் படிகாரம், அவ்வளவுதான். துடுப்பு மாதிரி ஒரு பலகை செஞ்சுக்குங்க, கையால கலக்காதீங்க.