கருவுல மூச்சுக்குழாய் எப்படி கிளை விடுது, யாராச்சும் விளக்குங்களேன்

வணக்கம் நண்பர்களே, அடுத்த வாரம் எனக்கு செமினார், ஒரு இடத்துல மாட்டிக்கிட்டேன். பழ ஈ கருவுல ஒரு பக்கத்துக்கு 10 செல் கூட்டம், ஒவ்வொண்ணுலயும் சுமார் 80 செல், உள்ள மடிஞ்சப்புறம் செல் ரெண்டா பிரிஞ்சு பெருகுறதே இல்ல, அதே செல்லுங்க நகர்ந்து நீண்டு மூச்சுக்குழாய் வலையே ஆயிடுது, படிக்கும்போது மெய்சிலிர்த்துப் போச்சு. சுத்தி இருக்குற செல்லுங்க பிராஞ்ச்லெஸ்ங்கிற எஃப்ஜிஎஃப் (வளர்ச்சியத் தூண்டுற புரதம்) சிக்னல விடுது, குழாய் செல்லுல இருக்குற பிரெத்லெஸ்ங்கிற ரிசப்டர் (சிக்னல வாங்குற புரதம்) அத புடிக்குது, எந்த செல் முன்னாடி போறதுன்னு நாட்ச் (பக்கத்து செல்லுங்களுக்குள்ள நடக்குற சிக்னல்) முடிவு பண்ணுது, இதுவரைக்கும் புரியுது.

எலி நுரையீரல்லயும் அதே குடும்பத்து எஃப்ஜிஎஃப்10 தான் கிளைய கூப்பிடுது, அது இல்லாத எலிக்கு நுரையீரலே வளரல. ஆனா அங்க ஒத்த செல் முன்னாடி போகாம நுனி மொத்தமும் சேர்ந்து மொட்டு விடுதே, அப்போ கிளை எங்க நிக்கணும்னு யாரு சொல்றா? எஃப்ஜிஎஃப் சிக்னல அடக்குற ஸ்ப்ரவுட்டி புரதம் மட்டும் போதுமா? தெரிஞ்சவங்க படம் வரைஞ்சு போட்டாலும் பெரிய உதவி.