மறு: முதற்கட்டப் பாதுகாப்புச் சோதனை - வேறு சொல் தேவை

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு புதிய சிகிச்சையை மனிதர்களிடம் முதன்முதலாகச் சோதிக்கும் கட்டத்தை, நோயாளி கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தில் "முதற்கட்டப் பாதுகாப்புச் சோதனை" என்று தமிழில் எழுதலாமா என்பதுதானே நம் பேச்சு.

முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கான சிகிச்சைப் பெயரைப் பற்றி எனக்குப் பெரிய தகராறு இல்லை. "மரபணு ஏற்றிய உயிரணுச் சிகிச்சை" என்றே வைத்துக்கொள்ளலாம். "மரபணு மாற்றுச் சிகிச்சை" என்றால் நோயாளியின் மரபணுவையே மாற்றிவிடுவார்கள் என்று படிப்பவர் நினைப்பார். இங்கே மரபணு ஏற்றப்படுவது வெளியிலிருந்து வரும் உயிரணுவில், அதுவும் மூட்டுக்குள் போவதற்கு முன்பே.

எனக்கு உறுத்துவது "பாதுகாப்புச் சோதனை" என்ற சொல்தான். இதைப் படிக்கும் நோயாளி, பாதுகாப்பானது என்று முடிவாகிவிட்ட மருந்தைத்தான் தனக்குப் போடுகிறார்கள் என்று எடுத்துக்கொள்வார். முதற்கட்டத்தில் நடப்பது அதற்கு நேர்மாறு. என்ன தீங்கு வரும், எந்த அளவில் வரும் என்று தெரியாததால்தான் சிலருக்கு மட்டும், குறைந்த அளவில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் நிறுத்திப் பார்த்துவிட்டு அளவைக் கூட்டுகிறார்கள்.

தென்கொரியாவின் இன்வோசாவை எடுத்துக்கொள்ளுங்கள், இதே வகையில் முழங்காலில் ஊசியாகப் போடும் மருந்து அது. முதற்கட்டத்தில் 12 பேர். 30 லட்சம், 1 கோடி, 3 கோடி என்று மூன்று அளவுகளில் உயிரணுக்கள். ஊசி போட்ட இடத்தில் வீக்கம், வலி வருகிறதா, ஏற்றிய மரபணுவால் சுரக்கும் வளர்ச்சிக் காரணி (உயிரணுக்களை வளரத் தூண்டும் புரதம்) மூட்டை விட்டு ரத்தத்தில் கலக்கிறதா என்றெல்லாம் பார்த்தார்கள். சரி, 12 பேரை வைத்து என்ன சொல்ல முடியும்? பத்தில் ஒருவருக்கு வரக்கூடிய ஒரு தீங்கு, அந்த 12 பேரில் ஒருவரிடம்கூடத் தலைகாட்டாமல் போக நூற்றுக்கு 28 வாய்ப்பு இருக்கிறது (0.9-ஐ 12 முறை பெருக்கிப் பாருங்கள்). ஆயிரத்தில் ஒருவருக்கு வருவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அதற்கப்புறம் நடந்ததும் தெரிந்ததுதான். 2017-இல் அந்நாட்டில் அனுமதி கிடைத்தது. 2019-இல், மரபணு ஏற்றிய உயிரணுக்கள் ஆவணங்களில் சொன்னபடி குருத்தெலும்பு உயிரணுக்களே அல்ல, சிறுநீரக உயிரணு வழியில் வந்தவை என்று தெரியவந்து, அதே ஆண்டு அனுமதி ரத்தானது. அந்த வகை உயிரணு கட்டுக்கடங்காமல் பெருகக்கூடியது. கதிர்வீச்சு கொடுத்துப் பெருகாமல் செய்துதான் ஊசியில் ஏற்றினார்கள் என்றாலும், கட்டி வருமோ என்ற கேள்வி எழாமல் இருக்குமா? இப்படிப்பட்ட தீங்கு தெரிய வருடக்கணக்கில் ஆகும். முதற்கட்டம் முடிந்ததும் "பாதுகாப்பு" என்று ஒரு முத்திரை விழுந்துவிட்டால், அதற்குப் பிந்தைய வருடங்களின் கண்காணிப்பு வெறும் சடங்காகத் தெரியும். மூட்டுத் தேய்மானம் உயிரைக் குடிக்கும் நோயும் அல்ல. அதனால் புற்றுநோய்ச் சோதனையில் பொறுத்துக்கொள்ளும் ஆபத்தை இங்கே பொறுத்துக்கொள்ள முடியாது, படிவத்தின் சொல்லும் அதற்கேற்ற எச்சரிக்கையோடு இருக்க வேண்டும்.

என் பரிந்துரை: "தீங்குகாண் சோதனை". முதற்கட்டம் என்றால் "தீங்குகாண் கட்டம்". இந்தப் பேச்சில் முன்பு ஒருவர் சொன்ன "தீங்கறி" இலக்கணப்படி சரிதான், ஆனால் வாய்விட்டுச் சொன்னால் "கறி" தனியாகக் காதில் விழுகிறது, முதல்முறை கேட்பவருக்குப் பொருள் பிடிபடாது. "நச்சுத்தன்மைச் சோதனை" விலங்குச் சோதனைக்கு ஏற்கெனவே புழங்குகிறது, அதைக் கலைக்க வேண்டாம். "ஏற்புத்திறன்" என்பதை உடல் அந்த அளவைத் தாங்குகிறதா என்ற தனிக் கேள்விக்கு ஒதுக்கிவிடலாம்.

"தீங்கு" என்று எழுதினால் ஆட்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்று சிலர் சொல்வீர்கள். கையெழுத்துப் போடுகிறவருக்கு அந்தப் பயத்தோடு யோசிக்க உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். தன் முழங்காலை முதலில் நீட்டுகிறவர் அவர்தானே.

அளவைப் படிப்படியாகக் கூட்டுவதற்கு "அளவுப் படியேற்றம்" என்று வைத்திருக்கிறேன், ஆனால் அது சரளமாக வரவில்லை. மருத்துவமனைகளில் வேலை செய்பவர்கள் இதைவிட நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.